புலிக்கும் 'டென்ஷன்' வருமா? ஸ்ட்ரெஸ் ஹார்மோனால் குட்டி ஈனுவது தள்ளிப்போவது ஏன்?

அமாவாசைக்கு சதுரகிரி மலை ஏறுறவங்களும், லீவுக்கு ராஜபாளையம் அய்யனார் கோவில் அருவிக்குப் போறவங்களும் கால் வைப்பது புலிகளின் வீட்டில்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை, 2021-ல் நாட்டின் 51-வது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மனித நடமாட்டம் புலிகளின் இனப்பெருக்கத்தைப் பாதிக்குமா?

உடம்புக்குள் என்ன நடக்குது?

ஆபத்து வந்தால் அட்ரினல் சுரப்பி கார்டிசோல் ஹார்மோனைச் சுரக்கும். ஆபத்து விலகினால் அளவு இறங்கிவிடும். தொல்லை தொடர்ந்தால் இறங்காது. அப்போது இனப்பெருக்க ஹார்மோன்களுக்கான சிக்னலை மூளை குறைத்துவிடும். 'முதல்ல உயிர் பிழைக்கணும், குட்டி அப்புறம்' என்பதே உடம்பின் கணக்கு.

எப்படித் தெரியும்?

புலியைப் பிடிக்கவே வேண்டாம். அதன் எச்சத்திலேயே ஹார்மோன் அளவு தெரிந்துவிடும். புலிகளே இல்லாமல் போன ராஜஸ்தானின் சரிஸ்காவுக்கு 2008-ல் வேறு காட்டிலிருந்து புலிகள் கொண்டுவரப்பட்டன. முதல் குட்டிகள் தென்பட்டது 2012-ல்தான். மனிதத் தொந்தரவால் ஏற்பட்ட ஸ்ட்ரெஸ் ஒரு காரணமாக ஆய்வுகளில் பேசப்பட்டது. பாந்தவ்கர், கன்ஹா காடுகளில் சுற்றுலா சீசனில் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கூடுவதை ஐதராபாத் சிசிஎம்பி விஞ்ஞானிகள் 2019-ல் பதிவு செய்தனர்.

வயசுக்கும் பங்கு உண்டா?

உண்டு. பெண் புலி 3-4 வயதில்தான் முதல் குட்டி ஈனும். குட்டிகள் சுமார் 2 ஆண்டுகள் தாயோடு இருக்கும். அதனால் வாழ்நாளில் சில முறைதான் வாய்ப்பு. ஒன்று தவறினாலும் இழப்புதான்.

நாம என்ன செய்யலாம்?

அனுமதித்த நேரத்தில், அனுமதித்த பாதையில் மட்டும் போங்க. ஸ்பீக்கர், பட்டாசு வேண்டாம். காட்டில் அமைதி இருந்தால்தான் குட்டிச் சத்தம் கேட்கும்.