பேக்கப் எடுத்தா மட்டும் போதுமா? டேட்டாபேஸ் அட்மினின் நைட் டியூட்டி!

நீங்க பணம் அனுப்பும்போதும், ரயில் டிக்கெட் போடும்போதும் பின்னாடி ஒரு டேட்டாபேஸ் ஓடிக்கிட்டே இருக்கும். அதைக் காவல் காக்கிறவர்தான் டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர், சுருக்கமா டிபிஏ. எந்தத் தகவலை யார் பார்க்கலாம்னு அனுமதி கொடுப்பது, மெதுவா ஓடுற க்வெரியைச் சரிசெய்வது, பேக்கப் எடுப்பது... எல்லாமே இவர் பொறுப்பு. பராமரிப்பு வேலைகள் பெரும்பாலும் ஆள் நடமாட்டம் குறைந்த நள்ளிரவில்தான்.

அந்த நேரத்துல கை தவறினா? 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவன இன்ஜினீயர் ஒருவர் சர்வர் மாறி டெலிட் கமாண்ட் கொடுத்துவிட்டார். நொடிகளில் சுமார் 300 ஜிபி டேட்டா காலி! 5 வகை பேக்கப் ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. சுமார் 6 மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்துவைத்த ஒரு காப்பிதான் காப்பாற்றியது. அதற்குப் பிறகு டேட்டாபேஸில் பதிவானவை போனது போனதுதான்.

நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் லைவாகவே காட்டியது. திட்டுவார்கள் என்று பார்த்தால், இதே வேலையில் இருக்கும் பலர் 'ஹக்ஆப்ஸ்' ஹேஷ்டேக்கில் ஆறுதல் சொன்னார்கள். அந்தப் பதற்றம் அவர்களுக்கும் தெரியுமே!

பேக்கப் எடுப்பது பாதி வேலை. அதிலிருந்து டேட்டா திரும்ப வருதான்னு அடிக்கடி சோதிப்பதுதான் மீதி. உங்க போன் போட்டோ பேக்கப்பையும் இன்னிக்கே ஒருமுறை திறந்து பாருங்க!