என்பு மூட்டுப் பரிசோதனையும் கூட்டுக் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ மாணவர், தாதிய மாணவர், இயன்மருத்துவ மாணவர், தொழில்வழிச் சிகிச்சை மாணவர் ஆகியோர் ஒரே நோயாளியின் கட்டிலருகே கூடி நின்று, அவருடைய நடையையும் மூட்டுக்களையும் முதுகையும் சோதிக்கக் கற்றல், கடந்த சில தசாப்தங்களாக மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இடம்பெற்றுவரும் கல்வி முறையாகும். இது முற்றிலும் புதியதோர் ஏற்பாடெனக் கொள்வோர் உளர். வரலாற்று அடிப்படையில் நோக்குமிடத்து, என்பையும் மூட்டையும் தொட்டறியும் அறிவு ஒரு காலத்தில் ஒரே கையில் இருந்தமை புலனாகும். அவ்வறிவு எவ்வாறு பல தொழில்களிடையே பங்கிடப்பட்டது, பங்கிட்டோர் எவற்றை இழந்தனர் என்பவற்றை அறியாது இன்றைய கூட்டுக் கல்வியின் தேவையை விளங்கிக்கொள்ளுதல் அரிது. இவ்வரலாறு மிகத் தெளிவாகக் காணக்கிடைப்பது பிரித்தானியாவிலாகும்.

பதினெட்டாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் உழவரும் தொழிலாளரும் மூட்டு விலகியபோதும் என்பு முறிந்தபோதும் பெரும்பாலும் நாடியது பரம்பரை முறிவு வைத்தியரையே. எமது நாட்டில் முறிவு நெரிவுக்குப் புக்கை கட்டும் பரிகாரியார் பெற்றிருந்த இடத்தை ஏறத்தாழ ஒத்தது அவர்களது இடம். 1736 ஆம் ஆண்டளவில் எப்சம் என்னும் ஊரில் சாரா மாப் என்ற பெண் இத்துறையிற் பெரும்புகழ் ஈட்டினார். ஓவியர் ஹோகார்த் அவரையும் பட்டம் பெற்ற வைத்தியர்களையும் ஒரே சித்திரத்தில் ஒருங்கே எள்ளி நகையாடினார். சத்திரசிகிச்சையிற் பெயர்பெற்ற பேர்சிவல் பொட் அப்பெண்ணை எழுத்திலே கடுமையாகச் சாடினார். ஆயினும் சனங்கள் அவரிடம் சென்றமைக்கு அறியாமை மட்டுமே காரணம் என்பது பொருந்தாது. அக்காலத்து வைத்தியர் பலர் அசையாதிருக்குமாறு விதித்துவிட்டு மூட்டு இறுகிப்போவதைப் பார்த்திருந்தனர். முறிவு வைத்தியரோ கைவைத்து அசைத்தனர். சில வேளைகளில் அது குணம் தந்தது. சில வேளைகளில் நோயுற்ற மூட்டைச் சிதைத்துப் பெருங்கேடும் விளைத்தது. எதனை அசைக்கலாம், எதனை அசைத்தலாகாது என வேறுபிரித்தறிதலே இங்குள்ள சிக்கல். அதற்கு வைத்தியரின் நோயறிவும் வேண்டும். முறிவு வைத்தியரின் கையறிவும் வேண்டும்.

இவ்வுண்மையை முதலில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டவருள் ஒருவர் சேர் ஜேம்ஸ் பஜெற். 1867 இல் வெளியான தமது விரிவுரையொன்றில், முறிவு வைத்தியர் குணப்படுத்தும் நோய்கள் எவையென வகுத்துக் காட்டிய அவர், அவர்களது நன்மையைக் கற்றுக்கொண்டு தீமையை விலக்குமாறு மாணவர்க்கு அறிவுறுத்தினார். நான்கு ஆண்டுகளின் பின்னர் வார்ட்டன் ஹூட் என்ற வைத்தியர் இதனைச் செயலில் காட்டினார். றிச்சட் ஹட்டன் என்ற முறிவு வைத்தியர் நோயுற்றபோது ஹூட்டின் தந்தை கட்டணம் பெறாது அவருக்கு வைத்தியம் பார்த்தார். அந்நன்றிக்காக ஹட்டன் தமது கைமுறைகளைக் கற்பிக்க முன்வந்தார். மகன் சென்று கற்றார். கற்றவற்றை 1871 இல் மருத்துவ உலகறிய வெளியிட்டார். இரு வேறு தொழிலினர் ஒரே மூட்டின்மீது கைவைத்துக் கற்றலின் முன்னோடி நிகழ்வுகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம். ஆனால் அது ஒரு குடும்பத்தின் நன்றிக்கடனாக நிகழ்ந்ததேயன்றி எந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்திலும் இடம்பெற்றதன்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

லிவர்பூல் நகரில் இதே காலத்தில் இன்னொரு குடும்பம் இவ்விரு மரபுகளையும் தன்னுள் அடக்கியிருந்தது. அங்கிள்சித் தீவிலிருந்து வந்த பரம்பரை முறிவு வைத்தியரான எவன் தோமஸ், பட்டம் பெற்றோரின் எதிர்ப்பால் அல்லலுற்றுத் தம் மைந்தர் ஐவரையும் மருத்துவம் கற்க அனுப்பினார். அவருள் மூத்தவரான ஹியூ ஓவென் தோமஸ் 1857 இல் தகைமை பெற்றும் பெரிய வைத்தியசாலை எதிலும் பதவி வகித்தாரல்லர். துறைமுகத் தொழிலாளரிடையே வாழ்ந்து, ஞாயிறுதோறும் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். இடுப்பு மூட்டு மடங்கி இறுகிய நோயாளி மல்லாந்து படுக்கும்போது, முதுகை வளைத்துக்கொள்வதால் கால் நேராயிருப்பதுபோலத் தோற்றும். நலமான காலின் தொடையை வயிற்றோடு சேர மடக்கி முதுகைத் தட்டையாக்கினால் நோயுற்ற தொடை தானாக மேலெழும். மறைந்திருந்த குறை வெளிப்படும். அவர் 1875 இல் வெளியிட்ட நூலோடு தொடர்புபடுத்தப்படும் இச்சோதனை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கருவி எதுவும் வேண்டாத இச்சோதனையை இன்று மருத்துவ மாணவரும் இயன்மருத்துவ மாணவரும் தத்தம் வகுப்புக்களில் வெவ்வேறாகக் கற்கின்றனர்.

அவ்வாறு வெவ்வேறாகக் கற்க நேர்ந்தமை ஏன்? இவ்வினாவுக்கான விடை அந்நூற்றாண்டின் இறுதியில் கிடைக்கிறது. 1894 இல் தாதியரும் மருத்துவிச்சிகளுமான நான்கு பெண்கள் இலண்டனில் பயிற்சி பெற்ற அழுத்துநர் சங்கத்தை நிறுவினர். அழுத்தல் நிலையங்கள் என்ற போர்வையில் ஒழுக்கக்கேடுகள் நிகழ்வதாகப் பத்திரிகைகள் எழுதிய காலம் அது. தம் தொழிலின் மானத்தைக் காக்க விரும்பிய அப்பெண்கள், வைத்தியரின் பணிப்பின்றி எவரும் அழுத்தற் சிகிச்சை செய்தலாகாது என விதி வகுத்தனர். பிற்கால இயன்மருத்துவத் தொழில் இச்சங்கத்திலிருந்தே முகிழ்த்தது. பாதுகாப்புத் தேடிய அவ்விதியே சோதித்தறியும் உரிமையை வைத்தியரிடம் ஒப்படைத்தது. கை பெண்ணினுடையது, தீர்ப்பு ஆணினுடையது என்ற பிரிவினை நிலைபெற்றது. அவுஸ்திரேலியாவில் 1976 இல் இயன்மருத்துவர் சங்கம் இத்தகைய விதியை நீக்கும்வரை, உலகின் பெரும்பாகத்தில் இந்நிலையே நீடித்தது எனலாம்.

மறுபுறம் வைத்திய சமூகமும் தன் வேலியை உயர்த்தியது. ஹேர்பேட் பார்க்கர் என்ற முறிவு வைத்தியரின் நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுத்த குற்றத்திற்காக 1911 இல் பிரெடெரிக் அக்சம் என்ற வைத்தியரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. பார்க்கருக்கு 1922 இல் சேர் பட்டம் கிடைத்தது. அக்சமோ தம் பெயர் மீளச் சேர்க்கப்படாமலே 1926 இல் மறைந்தார். பட்டமில்லாதவன் பெருமை பெற, அவனோடு கூடி நின்ற பட்டதாரி தண்டனை பெற்றான். கூடி வேலைசெய்தல் அக்காலத்தில் எத்துணைப் பெருங்குற்றமாகக் கருதப்பட்டது என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வேலிகளுக்கு அப்பால் ஷ்ரொப்ஷயரின் பாசர்ச் என்னும் கிராமத்தில் வேறொரு முயற்சி தோன்றியது. அக்னெஸ் ஹன்ற் சிறுவயதிலேயே இடுப்பு மூட்டு நோயுற்று ஊன்றுகோலுடன் நடந்தவர்; பின்னர் தாதியாகப் பயின்றவர். நோயாளியின் அறிவும் தாதியின் அறிவும் அவரிடம் ஒன்றாயிருந்தன. 1900 இல் அவர் ஊனமுற்ற சிறுவர்க்கென அங்கே ஓர் இல்லத்தைத் தொடங்கினார். ஹியூ ஓவென் தோமஸின் மனைவி வழி உறவினரும் அவரிடமே தொழில் பயின்றவருமான றொபேட் ஜோன்ஸ், லிவர்பூலிலிருந்து அங்கு ஒழுங்காகச் சென்று சத்திரசிகிச்சை செய்தார். குணமடைந்து வீடு திரும்பிய சிறுவர், கவனிப்பாரின்றி மீண்டும் குறையுற்று வருவதை ஹன்ற் கண்டார். சுற்றுப்புற ஊர்களிலே பின்கவனிப்பு நிலையங்களை அமைத்தார். சத்திரசிகிச்சை நிபுணர் எப்போதோ ஒருமுறை காணும் காலை, அங்கே பழகிய தாதியரின் கண் அடிக்கடி கண்டது. எது கோணுகிறது, எது இறுகுகிறது என முதலில் அறிந்து சொல்லும் பொறுப்பு அவர்களைச் சேர்ந்தது. முதலாம் உலகப்போரிலே ஜோன்ஸ் இவ்வநுபவத்தைப் பேரளவில் விரித்தார். 1916 இல் இலண்டன் ஷெப்பேட்ஸ் புஷ்ஷில் அமைந்த இராணுவ வைத்தியசாலையில் சத்திரசிகிச்சையும் அழுத்தற் சிகிச்சையும் தொழிற்கூடங்களும் ஒரே கூரையின் கீழ் இயங்கின. போர் முடிந்தபின் வேலை ஓரளவு கூடியே நடந்தது. கல்வியோ பிரிந்தே நடந்தது.

கல்வியைக் கூட்டும் எண்ணம் மெல்லவே வந்தது. 1972 இல் ஐக்கிய அமெரிக்காவின் மருத்துவக் கழகம் சுகாதாரக் குழுவுக்கான கல்வி பற்றிய அறிக்கையை வெளியிட்டது. 1988 இல் உலக சுகாதார நிறுவனம் கூடி வேலைசெய்வதற்குக் கூடிக் கற்றலை வலியுறுத்தியது. அறிக்கைகளால் மட்டும் கட்டிலருகே எவரும் கூடுவதில்லை. சுவீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1986 இல் தொடங்கிய சுகாதார விஞ்ஞான பீடத்தில், பல தொழில் மாணவரும் கல்வியைக் கூடியே ஆரம்பித்தனர். அங்கேயே 1996 இல் மாணவர் தாமே கூடி நடத்தும் பயிற்சி விடுதி, மேற்பார்வையாளரின் துணையோடு திறக்கப்பட்டது. அது என்புமுறிவு விடுதியாக அமைந்தமை தற்செயலன்று. இடுப்பு முறிந்த முதியவரின் நோய் எந்த ஒரு தொழிலுக்கும் முழுமையாகச் சொந்தமாவதில்லை. ஆணி பொருத்தியதும் நிபுணரின் வேலை பெரும்பாலும் முடிகிறது. எழுந்து நடத்தல், உடுத்தல், மலகூடம் செல்லல் என்பன அப்போதுதான் தொடங்குகின்றன.

ஆனால் கூடிச் சோதிப்பதற்குப் பொதுவானதொரு முறை வேண்டுமல்லவா? அது வேறொரு குறையிலிருந்து பிறந்தது. வைத்தியசாலை விடுதிகளில் இதயமும் சுவாசப்பையும் தவறாது சோதிக்கப்பட, மூட்டுக்கள் சோதிக்கப்படாமலே விடப்படுவதை மைக்கல் டொஹேட்டியும் அவருடைய சகாக்களும் 1990 இல் எடுத்துக்காட்டினர். 1992 இல் அவர்கள் முன்வைத்த 'கேல்ஸ்' என்னும் சோதனை, நடை, கை, கால், முதுகு என்பவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களால் ஆனது. தசையிலோ மூட்டிலோ முதுகிலோ நோவோ விறைப்போ உண்டா? தடையின்றி முழுமையாக உடுக்க முடிகிறதா? தடையின்றிப் படி ஏறி இறங்க முடிகிறதா? இம்மூன்று வினாக்களோடு அது தொடங்குகிறது. பின் நோயாளி நடந்து திரும்புகிறார், கைகளைத் தலைக்குப் பின்னே வைக்கிறார், விரல்களை மடக்குகிறார், குனிகிறார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதன் தேவையை 1998 இல் வெளியான ஆய்வொன்று மேலும் உறுதிசெய்தது. என்பு மூட்டு நோய் பற்றிய அடிப்படைத் தேர்வில், புதிதாகப் பட்டம் பெற்றுப் பணியில் சேர்ந்த வைத்தியர் 85 பேருள் 70 பேர் சித்தியடையவில்லை. சிறுவர்க்கேற்ப இச்சோதனை 2006 இல் திருத்தியமைக்கப்பட்டது.

வைத்தியருக்கென ஆக்கப்பட்ட இம்முறை கூட்டுக் கல்விக்கும் பொருந்துவது அதன் எளிமையாலாகும். உடுக்க முடியாமை மருத்துவ மாணவருக்கு மூட்டழற்சியின் அறிகுறி. தாதிய மாணவருக்கு நாளைக் காலையின் வேலை. இயன்மருத்துவ மாணவருக்குத் தோளின் அசைவெல்லை. தொழில்வழிச் சிகிச்சை மாணவருக்குச் சட்டைப் பொத்தான். ஒரே விடையை நால்வரும் ஒருங்கே கேட்கும்போது ஒருவரது கேள்வி மற்றவருக்கு அறிமுகமாகிறது.

இதிலே உயிர்நிலையான பயனும் உண்டு. முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் குதிரைவால் போன்று தொங்கும் நரம்புக் கற்றை நசிவுறும்போது முதுகுநோவும், ஆசனப் பகுதியில் மரத்தலும், சலம் கழிக்க இயலாமையும் தோன்றும். விரைந்து சிகிச்சை செய்யாவிடில் அவ்வியலாமை நிரந்தரமாகலாம். முதுகுநோவை இயன்மருத்துவர் கேட்கிறார். சலம் தடைப்பட்டதைத் தாதி காண்கிறார். சத்திரசிகிச்சைக்கு அனுப்பும் அதிகாரம் வைத்தியரிடம் உள்ளது. மூன்றும் ஒரே மனத்தில் சேராவிடில் நோயாளி இழப்பது தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதியை.

இங்கே ஒன்றை மறைத்தல் தகாது. கூடிச் சோதிக்கக் கற்றோர் அனைவரும் கண்டதைச் சொல்லும் துணிவை ஒருங்கே பெறுவதில்லை. தொடை எழும்புவதைத் தாதிய மாணவி முதலில் கண்டாலும், பக்கத்தில் நிற்கும் மருத்துவ மாணவன் வாய்திறக்கும்வரை அவள் காத்திருக்கக்கூடும். 1894 இன் விதி ஏட்டிலிருந்து நீங்கியிருக்கிறது. ஒரு கை முதுகின் கீழேயும் மற்றக் கை முழங்காலின்மீதும் இருக்க, யார் முதலிற் பேசுவது என்பது இன்னும் கட்டிலருகே தீர்க்கப்பட வேண்டியதாகவே இருக்கிறது.