சிவப்பெல்லாம் ரத்தம்தானா? (நீர்க்குறி பற்றி கொஞ்சம்)

கொல்லிமலைன்னா நம்மாளுங்களுக்கு 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாயகங்கை, சித்தர் குகைகள். சித்தர் வைத்தியத்துல எனக்கு ரொம்ப நாளா சுவாரசியமான விஷயம், சிறுநீரைப் பார்த்து நோய் சொல்வது.

தேரையர் பேரில் வழங்கும் நீர்க்குறி நூல் அதற்குத்தான். (தேரையரைத் தோரணமலையோடு சேர்த்துத்தான் சொல்வார்கள், கொல்லிமலைக்காரங்க கோச்சுக்காதீங்க :-)) விடிகாலை நீரைப் பிடித்து நிறம், மணம், நுரை, எடை, அளவு ஐந்தையும் பார்க்கணும். நிறத்தில் மட்டும் மஞ்சள், சிவப்பு, பச்சை, கருப்பு, வெள்ளைன்னு ஐந்து வகை. முதல்நாள் சாப்பாட்டுக்கும் கட்டுப்பாடு உண்டு. இது சும்மா இல்லை: பீட்ரூட் சாப்பிட்டாலே சிலருக்கு சிவப்பா போகும்.

சரகர் இன்னும் உஷார். மஞ்சளாவோ ரத்த நிறத்திலோ போனாலும், மேகநோயின் முன்னறிகுறிகள் இல்லைன்னா அதை மேகம்னு சொல்லாதே, அது ரத்தபித்தம் என்கிறார். அதாவது, நிறத்தை மட்டும் நம்பாதே.

ஆனா வெறும் கண்ணுக்கு ஒரு எல்லை இருக்கே. 1830களில் பாரிஸில் ரேயரும் அவர் மாணவர் விக்லாவும் சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் வைத்து வரிசையாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். சிவப்பணு இருந்தால் ரத்தம். சுழற்றி அடியில் படியவிட்டா சிவப்பு கீழே இறங்கி, மேலே தெளியும்.

தெளியலைன்னா? அங்கதான் சிக்கல். கடுமையான மலேரியாவில் சிவப்பணுக்கள் உடம்புக்குள்ளேயே உடைந்து, ஹீமோகுளோபின் மட்டும் வெளியே வரும். நீர் கருஞ்சிவப்பு, ஆனா அணுவே இருக்காது. ஒழுங்கில்லாம குயினின் சாப்பிட்டவர்களிடம் இதை அதிகம் பார்த்து, 'கருநீர்க் காய்ச்சல்' என்று பேர் வைத்தார்கள். 1941ல் லண்டன் குண்டுவீச்சு இடிபாடுகளில் நசுங்கியவர்களுக்கும் கருத்த நீர் போச்சு. அது தசையிலிருந்து கசிந்த மயோகுளோபின். இன்றைய டிப்ஸ்டிக் குச்சி இந்த மூணுக்குமே நிறம் மாறும். அதனால குச்சி பாசிட்டிவ்னா மைக்ராஸ்கோப் கட்டாயம். பீட்ரூட்டுக்கும், காசநோய் மாத்திரை ரிஃபாம்பிசின் தரும் ஆரஞ்சுக்கும் குச்சி ரத்தம்னு காட்டாது.

நம்மூர்ல நீர் சிவந்தா முதல் பதில் "சூடு, இளநீர் குடி". ரெண்டு நாளில் தானா தெளிஞ்சிடும், இளநீருக்குப் பேர் கிடைச்சிடும். சிறுநீர்ப்பை, சிறுநீரகப் புற்றுநோயிலும் ரத்தம் இப்படித்தான், வலியே இல்லாம வந்து தானா நிற்கும். மறுபடி மாசக்கணக்குல எட்டிப் பார்க்காது. குறிப்பா பீடி, சிகரெட் பிடிக்கிற பெரியவங்க வீட்டில் இருந்தா, தெளிஞ்ச பிறகும் கூட்டிட்டுப் போய் டெஸ்ட் பண்ணுங்க.