குளவி கொட்டினால் வெறும் வீக்கமா, உயிருக்கே ஆபத்தா? வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

'கதண்டு கொட்டி உயிரிழப்பு' என்ற செய்தி தமிழ்நாட்டில் புதிதல்ல. "போன தடவை கொட்டினப்பவே உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு" என்று சொல்பவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? அடுத்த முறை அது இன்னும் தீவிரமாகலாம். என்ன செய்வது என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

எது சாதாரணம்?

கொட்டிய இடத்தில் வலி, அரிப்பு, வீக்கம் வருவது இயல்பு. முதலில் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும். உடனே எடுத்துவிட வேண்டும். கையில் கொட்டினால் வீங்கும் முன் மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம்.

எது ஆபத்து?

கொட்டிய இடத்தைத் தாண்டி அறிகுறி தெரிந்தால் உஷார்! உடலெங்கும் தடிப்பு, உதடு, நாக்கு வீக்கம், குரல் கம்முதல், மூச்சுத்திணறல், வாந்தி, தலைச்சுற்றல், மயக்கம் ஆகியவை 'அனாபிலாக்சிஸ்' எனும் தீவிர அலர்ஜியின் அறிகுறிகள். பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். சிலருக்கு தடிப்பே இல்லாமலும் வரலாம்.

உடனடியாக என்ன செய்வது?

* 108-க்கு அழையுங்கள்.
* படுக்க வைத்து கால்களை உயர்த்துங்கள். மூச்சு திணறினால் சாய்ந்து உட்காரட்டும். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
* நடக்க விடாதீர்கள். "பைக்ல நடுவுல உட்கார வச்சு கூட்டிட்டுப் போயிடலாம்" என்பதும் ஆபத்து. ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும்போது நிமிர்த்தி உட்கார வைத்தால் நிலைமை மோசமாகலாம்.

மாத்திரை போதுமா?

போதாது. அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்குமே தவிர, மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் மீட்காது. உயிர் காப்பது தொடையில் போடப்படும் அட்ரினலின் ஊசிதான். சுண்ணாம்பு தடவிவிட்டுக் காத்திருந்தால், ஊசி போட வேண்டிய நேரம் வீணாகிவிடும்.

சரியான பிறகு?

சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்ப வரலாம். அதனால் டாக்டர் சொல்லும் வரை மருத்துவமனையிலேயே இருங்கள். பிறகு அலர்ஜி நிபுணரைப் பாருங்கள். 'குளவி அலர்ஜி உண்டு' என்று எழுதிய சீட்டை அவரது பர்ஸில் எப்போதும் வையுங்கள்.

அலர்ஜி இல்லாதவரையும் பல குளவிகள் சேர்ந்து கொட்டினால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். விஷம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கூட்டை நீங்களே கலைக்காமல் தீயணைப்புத் துறையிடம் சொல்லுங்கள்.