300 டன்னுக்குக் கீழே

இன்னைக்குக் கடலைப் பத்தின எபிசோடு. ஆனா ஆரம்பிக்கிறது ஒரு மலையில.

எங்க ஊர் பள்ளிப்பட்டு. திருத்தணியிலிருந்து வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கு. 1960 வரைக்கும் சித்தூர் மாவட்டத்துல இருந்த பகுதி, அதனால தெருவுல பாதிப் பேச்சு இன்னும் தெலுங்குதான். கடல் இங்கிருந்து எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி. ஆனா ஊருக்குக் கிழக்கே நகரி மலை இருக்கு பாருங்க, அதுல ஒரு முனை மனுஷன் மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். பாய்மரக் கப்பல் காலத்துல வங்காள விரிகுடாவுல வந்த ஆங்கிலேய மாலுமிகள் அதுக்கு 'நகரி நோஸ்'னே பேர் வச்சிருந்தாங்க. வானம் தெளிவா இருந்தா கடல்லிருந்தே அது தெரியும். அந்த மூக்கு தெரிஞ்சா மெட்ராஸ் பக்கத்துல வந்தாச்சுன்னு அர்த்தம். பிரிட்டிஷ் காலக் கெசட்டியர்லயே மாலுமிகளுக்குத் தெரிஞ்ச அடையாளம்னு அதைக் குறிச்சிருக்காங்க.

சரி, கப்பல்ல இருக்கறவனுக்கு மலை தெரியுது. கரையில இருக்கறவங்களுக்கு அந்தக் கப்பல் எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்? கப்பல் முழுகுதுன்னா யாருகிட்ட சொல்றது? இந்தக் கேள்விக்கு உலகம் எப்படிப் பதில் கண்டுபிடிச்சது, அந்தப் பதில் நம்ம கன்னியாகுமரி மீனவர்களுக்கு ஏன் இவ்வளவு லேட்டா வந்தது, அதைத்தான் பேசப் போறேன்.

ரேடியோ கதையை வேகமாச் சொல்லிடறேன், டைட்டானிக் படம் எல்லாரும் பார்த்திருப்பீங்க. 1912ல டைட்டானிக் ரேடியோவுல உதவி கேட்டப்போ, கலிஃபோர்னியன்னு ஒரு கப்பல் பக்கத்துலயேதான் இருந்தது. அதுல இருந்தது ஒரே ஒரு ரேடியோ ஆபரேட்டர், அவர் தூங்கப் போயிட்டார். அந்த விபத்துக்கு அப்புறம்தான் 1914ல சோலாஸ்னு ஒரு சர்வதேச ஒப்பந்தம் வந்தது, கடல்ல மனித உயிரைக் காப்பாத்தறதுக்கான விதிகள். அப்புறம் பல பத்தாண்டுகளுக்கு மோர்ஸ்தான். நடுக்கடல்லிருந்து ஷார்ட்வேவ்ல பேசணும்னா வளிமண்டலத்தோட மேலடுக்கு ஒத்துழைக்கணும். ஒரு ராத்திரி கிடைக்கும், மறுநாள் வெறும் இரைச்சல்.

1976ல இது மாறுச்சு. அமெரிக்காவோட காம்சாட் நிறுவனம் மாரிசாட்னு மூணு சாட்டிலைட்டை ஏவுச்சு. அட்லாண்டிக்குக்கு ஒண்ணு, பசிபிக்குக்கு ஒண்ணு, இந்தியப் பெருங்கடலுக்கு ஒண்ணு. முதல் வாடிக்கையாளர் அமெரிக்கக் கடற்படை, மிச்சம் இருந்த இடம் வணிகக் கப்பல்களுக்கு. பூமத்திய ரேகைக்கு மேல சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துல நிக்கிற சாட்டிலைட், கீழேயிருந்து பார்த்தா நகராத மாதிரியே இருக்கும். நகர்றது கப்பல்தான். அது இப்படி அப்படி ஆடும்போதும் டிஷ் சாட்டிலைட்டையே பார்த்துக்கிட்டு இருக்கணும். அதனால டிஷ்ஷை ஒரு சுழலும் மேடையில வச்சு, மேல வெள்ளையா ஒரு கூடு போட்டு மூடினாங்க. எண்ணூர் பக்கம் போனீங்கன்னா கப்பல் உச்சியில முட்டை மாதிரி வெள்ளையா ஒண்ணு தெரியும், அது தண்ணித் தொட்டி இல்ல, இதுதான்.

1979ல இன்மார்சாட்ங்கிற சர்வதேச அமைப்பு லண்டன்ல உருவாச்சு. இந்தியாவும் உறுப்பினர். 1982 பிப்ரவரியில சேவை தொடங்குச்சு. கப்பல்கள் மட்டுமில்ல, நடுக்கடல் எண்ணெய்க் கிணறு, பாலைவனத்துல இருக்கற சுரங்கம்னு கம்பி போக முடியாத இடத்துல வேலை செய்யறவங்களும் சீக்கிரமே இந்த வகை சாட்டிலைட் இணைப்புக்கு வந்தாங்க. அதே 1982ல காஸ்பாஸ்-சார்சாட்னு இன்னொரு ஏற்பாடும் வந்தது. பனிப்போர் உச்சத்துல இருந்தப்போ அமெரிக்கா, சோவியத், கனடா, பிரான்ஸ் நாலும் சேர்ந்து செஞ்சது இது. ஆபத்துல இருக்கற கப்பலோ விமானமோ அனுப்புற சிக்னலை சாட்டிலைட் வழியாப் பிடிக்கறது. அணுகுண்டை நீட்டிக்கிட்டு நின்ன நாடுகள் இதுல ஒத்துப் போச்சுங்கறது எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம்தான்.

இது எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டி, 1999 பிப்ரவரி 1லிருந்து ஜிஎம்டிஎஸ்எஸ்ங்கிற உலகளாவிய கடல் ஆபத்து உதவி முறை முழுசா அமலுக்கு வந்தது. மோர்ஸுக்கு ஓய்வு. இனி கப்பல்ல ஒரு பட்டனை அழுத்தினா போதும், கரையில ஒரு மீட்பு மையத்துல மணி அடிக்கும்.

ஆனா எந்தக் கப்பல்ல? இங்கதான் கவனிக்கணும். சர்வதேசப் பயணம் போற பயணிகள் கப்பல், அப்புறம் 300 டன்னும் அதுக்கு மேலயும் இருக்கற சரக்குக் கப்பல். இந்த டன் எடை இல்ல, கப்பலுக்குள்ள எவ்வளவு இடம் இருக்குங்கற அளவு. மீன்பிடிப் படகுகளைச் சோலாஸ் விதிகள் பெரும்பாலும் வெளியவே விட்டுடுச்சு. பெரிய கம்பெனியோட கப்பலுக்கு ஒரு விதி இருக்கு, காப்பீடு இருக்கு, கருவி வாங்கப் பணம் இருக்கு. படகுக்காரர் விஷயம் அந்தந்த அரசாங்கத்தோட பொறுப்புன்னு விட்டாச்சு.

இப்போ கன்னியாகுமரிக்கு வரலாம். மாவட்டத்தோட மேற்கு ஓரத்துல, கேரள எல்லையை ஒட்டி, நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரைக்கும் வரிசையா எட்டு கிராமம். தூத்தூர் பகுதின்னு சொல்வாங்க. தூத்துக்குடி இல்ல, தூத்தூர். இந்தியாவுலயே ரொம்பத் தூரம் போய் மீன் பிடிக்கறவங்கள்ல இவங்க முக்கியமானவங்க. சுறா பிடிக்கறதுல பேர் போனவங்க. லட்சத்தீவு, குஜராத், சில சமயம் டிகோ கார்சியா பக்கம்னு வாரக்கணக்குல கடல்ல இருப்பாங்க. அவங்க கையில இருந்தது விஎச்எஃப் வயர்லெஸ். அது 20, 25 கடல் மைல் எட்டும், அவ்வளவுதான். அதைத் தாண்டினா ஒரு படகு பக்கத்துப் படகுகிட்டச் சொல்லி, அது அடுத்த படகுகிட்டச் சொல்லி, சங்கிலி மாதிரி சேதி கரைக்கு வரணும். நடுவுல ஒரு படகு இல்லைன்னா சங்கிலி அறுந்தது.

அப்போ சாட்டிலைட் போன் வாங்கிக்கலாமேன்னு கேப்பீங்க. வாங்க முடியாது. லைசென்ஸ் இல்லாத சாட்டிலைட் போன் நம்ம நாட்டுல ஏற்கெனவே சட்டவிரோதம். 2008 நவம்பர் 26க்கு அப்புறம் அது இன்னும் இறுகிடுச்சு. மும்பையைத் தாக்கினவங்க வந்த வழி ஞாபகம் இருக்கா? கராச்சியிலிருந்து கடல்ல வந்து, குஜராத்தோட 'குபேர்'ங்கிற மீன்பிடிப் படகைக் கடத்தி, அதுல இருந்த மீனவர்களைக் கொன்னுட்டு, அதே படகுல மும்பை வரைக்கும் வந்தாங்க. அந்தப் படகுல அவங்க விட்டுட்டுப் போன பொருள்கள்ல ஒரு துரையா சாட்டிலைட் போன் இருந்தது. ஒரே சம்பவத்துல மீன்பிடிப் படகு, சாட்டிலைட் போன் ரெண்டுமே சந்தேகப் பொருளாயிடுச்சு. துரையா, இரிடியம் போன்களை இந்தியக் கடல் பகுதியில அனுமதியில்லாமப் பயன்படுத்தக் கூடாதுன்னு கப்பல் துறை உத்தரவு போட்டது.

இந்தப் பயத்தை நான் கிண்டல் பண்ணல. 2024 நவம்பர்ல அந்தமான் கடல்ல சுமார் 6,000 கிலோ போதைப்பொருளோட ஒரு மியான்மர் படகைக் கடலோரக் காவல்படை பிடிச்சப்போ, அதுல ஸ்டார்லிங்க் கருவி இருந்தது. அரசாங்கம் கேக்கறது ஒண்ணுதான்: நீ பேசறது இந்திய மண்ணுல இருக்கற நிலையம் வழியாப் போகணும், தேவைப்பட்டா நான் கேக்கணும். அதனாலதான் இன்மார்சாட்டுக்கு மட்டும் கதவு திறந்தது. 2017 மே மாசம் பிஎஸ்என்எல் அதை வச்சு சாட்டிலைட் போன் சேவை தொடங்குச்சு. முதல்ல யாருக்கு? பேரிடர் மீட்பு, போலீஸ், எல்லைப் படை மாதிரி அரசு அமைப்புகளுக்கு.

அதுக்கு ஆறு மாசம் கழிச்சு ஒக்கி வந்தது.

2017 நவம்பர் 29ஆம் தேதி இலங்கைக்குத் தெற்கே, கன்னியாகுமரிக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு. 30ஆம் தேதி மத்தியானத்துக்குள்ள அது புயல். கடலுக்குப் போகாதீங்கன்னு எச்சரிக்கை வந்தது. ஆனா தூத்தூர் படகுகள் போய்ப் பல நாள் ஆச்சு. போகாதீங்கன்னு சொல்றது கரையில இருக்கறவங்களுக்கு. கடல்ல இருக்கறவங்களுக்குத் திரும்புங்கன்னு சொல்லணும், அதுக்கு வழியே இல்ல. சாட்டிலைட் படத்துல புயல் எங்க இருக்கு, எந்தப் பக்கம் திரும்புதுன்னு மணிக்கு மணி தெரிஞ்சது. அதுக்குக் கீழே இருந்த மனுஷங்களுக்குத்தான் தெரியல.

நூத்துக்கணக்கான பேரைக் காணலன்னு ஆச்சு. கிராமம் கிராமமா, பங்கு பங்காப் பேர்ப் பட்டியல் எழுதினாங்க. சில படகுகள் லட்சத்தீவு, கர்நாடகா, மகாராஷ்டிரா, குஜராத் துறைமுகங்கள்ல ஒதுங்கியிருந்தது. அந்தச் சேதியும் வீட்டுக்கு வர நாள் கணக்காச்சு. உயிரோட இருக்கற புருஷனுக்காகச் சில வீடுகள்ல ஒரு வாரம் அழுதாங்க. டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக்கணக்கான பேர், பெண்களும் குழந்தைகளுமா, குழித்துறை ரயில் நிலையத்துல தண்டவாளத்துல உக்காந்தாங்க. தேடுங்கன்னு கேட்டு. ரயிலை நிறுத்தித்தான் கேக்க வேண்டியிருந்தது.

இதுல கொடுமை என்னன்னா, அப்பவே ஒரு கருவி இருந்தது. 2010லிருந்தே இஸ்ரோவோட 'டாட்'ங்கிற ஆபத்து எச்சரிக்கைக் கருவி பயன்பாட்டுல இருக்கு. தீ, படகு முழுகுது, ஆள் தண்ணியில விழுந்துட்டார், மருத்துவ உதவி வேணும்னு சொல்ற வசதி அதுல உண்டு. சிக்னல் சாட்டிலைட் வழியா பெங்களூருக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். ஆனா ஒருவழிப் பாதை. பட்டனை அழுத்தினவனுக்கு அது போச்சா, யாராவது வர்றாங்களான்னு தெரியாது. புயல் வருதுன்னு அவனுக்குச் சொல்லவும் அதால முடியாது.

ஒக்கிக்கு அப்புறம் 2019 அக்டோபர்ல 'ஜெமினி'ன்னு ஒரு கருவி வந்தது. விமானங்களுக்காகச் செஞ்ச ககன் அமைப்போட சாட்டிலைட் வழியா வானிலை எச்சரிக்கை வரும், அதை ப்ளூடூத்ல போனுக்கு மாத்திப் படிக்கலாம். நல்ல விஷயம்தான், ஆனா இதுவும் ஒருவழி, எதிர்த் திசையில. அதாவது ஒரு கருவி பேசும், கேக்காது. இன்னொண்ணு கேக்கும், பேசாது. ரெண்டையும் ஒரே பெட்டியில போடறதுக்கு நமக்கு இன்னும் நாலஞ்சு வருஷம் ஆச்சு. 2024 ஜனவரியில இரண்டாம் தலைமுறை டாட் வந்தது. அதுல, உங்க செய்தி கிடைச்சதுன்னு நாவிக் சாட்டிலைட் மூலமாப் பதில் வரும்.

இருவழியாப் பேசறதுக்கு உதவுற சாட்டிலைட் எதுன்னா, ஜிசாட்-6. 2015 ஆகஸ்ட் 27ஆம் தேதி சாயங்காலம் 4.52க்கு ஸ்ரீஹரிகோட்டாவுல ஏவினது. எங்க ஊருக்கு அது சுமார் நூறு கிலோமீட்டர்தான். வானம் சுத்தமா இருந்தா மொட்டை மாடியிலிருந்தே ராக்கெட் புகை தெரியும். ஜிசாட்-6ல 6 மீட்டர் அகலத்துக்குக் குடை மாதிரி விரியற ஆன்டெனா. மேல அவ்வளவு பெரிய காது இருக்கறதாலதான் கீழே சின்னக் கருவியே போதும், சுழல் மேடை, வெள்ளை முட்டை எதுவும் வேண்டாம். இந்த சாட்டிலைட்டோட எஸ்-பேண்டைத் தேவாஸ்ங்கிற கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுக்கறதா 2005ல ஒப்பந்தம் போட்டு, 2011ல ரத்து பண்ணி, உலகம் முழுக்கக் கோர்ட்டுக்கு இழுத்த கதை தனி எபிசோடுக்கு வரும்.

2024 ஆகஸ்ட் 30ஆம் தேதி மகாராஷ்டிரா பால்கர்ல பிரதமர் தொடங்கி வச்ச திட்டம் இதை வச்சுத்தான். 364 கோடி ரூபாயில 1 லட்சம் படகுகளுக்கு இலவச டிரான்ஸ்பாண்டர். சின்னச் செய்தி அனுப்பலாம், வாங்கலாம். எல்லைக்கோட்டை நெருங்கினா எச்சரிக்கும். கூடவே படகு எங்க இருக்குன்னு கரைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும்.

அந்தக் கடைசி வரியை மறுபடி கேளுங்க. 26/11க்கு அப்புறம் எந்தப் பயம் மீனவன் கையில போனைக் கொடுக்க விடலயோ, அதே பயம்தான் இந்தப் பெட்டியைக் கொடுக்க வச்சதுல ஒரு பங்கு. சின்னப் படகுகளைக் கண்காணிக்கணும்ங்கற பேச்சு ஒக்கிக்கு முன்னாடியே, மும்பைத் தாக்குதலோட தொடங்கினது. மீனவர்களுக்கும் இதுல தயக்கம் உண்டு. மீன் கிடைக்கற இடம் ஒருத்தரோட முதலீடு, அதை மத்தவங்க பார்க்க விடுவாங்களா? என்னைக் கேட்டா, கண்காணிப்புக்காக வந்தாலும் பரவாயில்ல, உயிரைக் காப்பாத்தட்டும். ஆனா அந்த வரைபடத்தை யார் பார்க்கலாம்ங்கறதை மீனவர் சங்கங்களை உக்கார வச்சு முடிவு பண்ணணும்.

இன்னொரு விஷயம். இந்தத் திட்டம் இந்தியாவோட பொருளாதார மண்டலத்துக்காக, அதாவது கரையிலிருந்து 200 கடல் மைலுக்காகப் போட்டது. தூத்தூர் படகுகள் அதையும் தாண்டிப் போகும். அந்தத் தூரத்துக்கு இன்னமும் இன்மார்சாட் போன்தான் வழி, அதை மாநில அரசு மானியத்துல சில படகுக் குழுக்களுக்குக் கொடுத்திருக்கு. குழுவுல ஒரு படகுல போன் இருக்கும். மத்த படகுகள் அதோட விஎச்எஃப் எட்டற தூரத்துக்குள்ள இருந்துக்கணும்.

இந்த எபிசோடு இவ்வளவுதான். குமரி, ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கம் கேக்கறவங்க, உங்க வீட்டுப் படகுல டிரான்ஸ்பாண்டர் மாட்டியிருந்தா எப்படி வேலை செய்யுதுன்னு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க.