இடம் மாறிய கல்லறை

அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில், இலினாய் மாநிலத்தில், மெனார்ட் என்றொரு சிறு கவுண்டி உள்ளது. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டத்தைப் போன்ற ஓர் ஆட்சிப் பிரிவு. 1839-இல் உருவான இந்தக் கவுண்டியின் தலைமையிடம் பீட்டர்ஸ்பர்க். சுற்றிலும் மக்காச்சோள வயல்கள். இத்தகைய நாட்டுப்புறங்களின் வரலாற்றைத் தேடுவோர் முதலில் செல்லும் இடம் இடுகாடு. ஆனால் கல்லில் எழுதியிருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடுமா? ஆன் ரட்லெட்ஜ் என்ற பெண்ணின் கல்லறை இக்கேள்வியை எழுப்புகிறது.

பீட்டர்ஸ்பர்க்கிற்கு அருகே நியூ சேலம் என்ற குடியிருப்பை 1829-இல் நிறுவிய இருவருள் ஒருவர் ஆனின் தந்தை. 1831-இல் அங்கே வந்து சேர்ந்து, 1837 வரை வாழ்ந்த இளைஞர்தாம் ஆபிரகாம் லிங்கன். 1835 ஆகஸ்ட் 25 அன்று ஆன் காய்ச்சலில் இறந்தாள், வயது 22. வயல்களுக்கு நடுவே இருந்த ஓல்டு கன்கார்டு இடுகாட்டில் அவளைப் புதைத்தனர். சில ஆண்டுகளில் நியூ சேலமும் ஆளற்றுப் போயிற்று.

1865-இல் லிங்கன் கொல்லப்பட்ட பின், அவரோடு சேர்ந்து வழக்கறிஞர் தொழில் நடத்திய வில்லியம் ஹெர்ன்டன், பழைய ஊர்க்காரர்களின் நினைவுகளைத் திரட்டினார். லிங்கன் உண்மையில் காதலித்தது ஆனை மட்டுமே என்று 1866-இல் ஓர் உரையில் அறிவித்தார். லிங்கனின் மனைவி மேரி அப்போது உயிரோடிருந்தார்.

யாரும் தேடிவராத ஒரு கல்லறைக்கு இவ்வாறு மதிப்பு வந்தது. 1890-இல், சவ அடக்கத் தொழில் செய்துவந்த சாமுவேல் மாண்ட்கோமரி என்பவர் அதைத் தோண்டி, எஞ்சியவற்றைப் பீட்டர்ஸ்பர்க்கின் ஓக்லாண்ட் இடுகாட்டிற்கு மாற்றினார். அந்தப் புதிய இடுகாட்டில் அவருக்குப் பங்கும் இருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மண்ணில் கிடைத்தவை மிகச் சொற்பமே.

இங்கேதான் இலக்கியம் உள்ளே வருகிறது. பீட்டர்ஸ்பர்க்கிலும் பின்னர் லூயிஸ்டவுனிலும் வளர்ந்த எட்கர் லீ மாஸ்டர்ஸ், 1915-இல் 'ஸ்பூன் ரிவர் ஆந்தாலஜி' என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். ஒரு சிற்றூரின் இருநூறுக்கும் மேற்பட்ட இறந்தோர் தத்தம் கல்லறையிலிருந்து பேசுகிறார்கள். கல்வெட்டுப் புகழுரைகள் மறைத்ததை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அவர்களுள் ஆனும் ஒருத்தி. 1921-இல் ஓக்லாண்டில் எழுப்பிய கருங்கல்லில் அந்தக் கவிதையையே பொறித்தார்கள்! கல்லறை வாசகங்களை ஐயுறக் கற்றுத்தந்த நூலின் ஒரு பகுதி, பெரும்பாலும் வெறுமையான ஒரு குழியின் மேல் கல்லறை வாசகமாயிற்று.

முரண் அத்தோடு முடியவில்லை. அதே மாஸ்டர்ஸ் 1931-இல் லிங்கனைக் கடுமையாகச் சாடி ஒரு வாழ்க்கை வரலாறு எழுதினார். 1950-இல் இறந்தபின் அவரும் ஓக்லாண்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

காதல் கதை உண்மைதானா? 1945-இல் ஜே. ஜி. ராண்டல் என்ற வரலாற்றாசிரியர், ஹெர்ன்டன் திரட்டிய சான்றுகள் நம்பத்தக்கவையல்ல என்று ஒதுக்கினார். 1990-ஐ ஒட்டி ஜான் சைமனும் டக்ளஸ் வில்சனும் அவற்றை மீண்டும் ஆராய்ந்து, அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது என்று காட்டினர். விவாதம் தொடர்கிறது. லிங்கனின் கையெழுத்தில் இதுபற்றி ஒரு வரிகூடக் கிடைத்ததில்லை.

பார்வையாளர்கள் ஓக்லாண்டின் கருங்கல்லைத் தேடிச் செல்கிறார்கள். ஆனால் அவளை மண்ணில் இட்டவர்கள் நின்ற இடம் ஓல்டு கன்கார்டு. அவளில் பெரும்பகுதி கரைந்த மண்ணும் அதுவே. பெயரைக் கல்லோடு பெயர்த்துச் செல்லலாம். மண்ணைப் பெயர்த்துச் செல்ல யாராலும் இயலவில்லை.