ஜெர்மனியில் குடிபெயர்வோருக்கு விதிக்கப்பட்ட பணக் கட்டுப்பாடு (1931–1941)

ஜெர்மனியை விட்டு நிரந்தரமாக வெளியேறுவோர் தம் சொத்தில் எவ்வளவை உடன் கொண்டுசெல்லலாம் என்பதை 1931 முதல் அந்நாட்டுச் சட்டங்கள் வரையறுத்தன. நாஜி ஆட்சியில் இச்சட்டங்களே யூதர்களின் உடைமையைப் பறிக்கும் கருவியாயின.

இவற்றைக் கொண்டுவந்தவர்கள் நாஜிகள் அல்லர். 1931 ஜூலையில் டனாட் வங்கி கதவடைத்தது. வெளிநாட்டார் தம் முதலீட்டைத் திரும்ப எடுத்தனர். சான்சலர் புரூனிங்கின் அரசு அந்நியச் செலாவணியைக் கட்டுக்குள் கொண்டுவந்து, அவ்வாண்டு டிசம்பர் 8-இல் வெளியேற்ற வரியையும் விதித்தது. 2 லட்சம் ரைஷ்மார்க்குக்கு மேல் சொத்துள்ளவர் வெளிநாட்டில் குடியேறினால் அதில் 25 விழுக்காட்டைச் செலுத்த வேண்டும். பெருஞ்செல்வர்கள் வரிக்குத் தப்பி ஓடுவதைத் தடுப்பதே அன்றைய நோக்கம்.

1933-இல் ஹிட்லர் பதவியேற்றபின் உயிருக்கு அஞ்சியவர்களே பெரும்பாலும் வெளியேறினர். 1934 மே மாதம் வரியின் வரம்பு 50,000 மார்க்காகக் குறைக்கப்பட்டதால், நடுத்தர வணிகர்களும் மருத்துவர்களும் அதில் சிக்கினர். 1932–33 நிதியாண்டில் சுமார் 10 லட்சம் மார்க் ஈட்டிய வரி, 1938–39-இல் 34 கோடியைத் தாண்டியது.

வரி போக எஞ்சியதும் உரியவர் கைக்கு வரவில்லை. அது ஜெர்மன் வங்கியில் முடக்கப்பட்ட கணக்கில் சேர்ந்தது. அதை அந்நியச் செலாவணியாக மாற்ற விரும்பியவர் அரசின் கோல்ட்டிஸ்கான்ட் வங்கியிடம் பெரும் நட்டத்துக்கு விற்க நேர்ந்தது. 1934 ஜனவரியில் 20 விழுக்காடாக இருந்த கழிவு அதே ஆண்டு ஆகஸ்டில் 65, 1936-இல் 81, 1938 ஜூனில் 90, போர் மூண்ட 1939 செப்டம்பரில் 96 என ஏறியது. கடைசியில் 100 மார்க்குக்கு 4 மார்க் மதிப்பே கிடைத்தது. ரொக்கமாகக் கையில் எடுத்துச்செல்ல அனுமதிக்கப்பட்டது 10 மார்க் மட்டுமே.

1933 ஆகஸ்டில் ஏற்பட்ட ஹவாரா உடன்படிக்கை ஓரளவு விதிவிலக்கு அளித்தது. பாலஸ்தீனம் செல்வோர் ஜெர்மனியில் செலுத்திய பணத்துக்கு ஜெர்மன் சரக்குகள் அங்கு ஏற்றுமதியாயின. அவற்றை விற்ற தொகை அங்கே அவர்களுக்கு வழங்கப்பட்டது. 1,000 பவுண்டு வைத்திருப்போரை அங்கிருந்த பிரிட்டிஷ் நிர்வாகம் எண்ணிக்கை வரம்பின்றி அனுமதித்ததால், இந்த ஏற்பாடு பலரின் உயிரைக் காத்தது. ஜெர்மன் சரக்குகளைப் புறக்கணிக்கப் போராடிய யூதர்களோ இதைக் கடுமையாக எதிர்த்தனர்.

யூதர்கள் போய்விட வேண்டும் என்று வற்புறுத்திய அரசே, அவர்கள் போவதற்குத் தேவையான பணத்தையும் பிடுங்கிக்கொண்டது. இக்கொடிய முரண்பாட்டின் விளைவு 1938 ஜூலையில் எவியன் மாநாட்டில் தெரிந்தது: கூடிய 32 நாடுகளில் மிகச் சிலவே வெறுங்கையர்களான அகதிகளை ஏற்க முன்வந்தன. அவ்வாண்டு நவம்பரில் யூதர்களுக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பின் அவர்கள்மீதே 100 கோடி மார்க் தண்டமும் சுமத்தப்பட்டது.

1941 அக்டோபரில் யூதர்கள் குடிபெயர்வதே தடைசெய்யப்பட்டது. அடுத்த மாதம் வெளியான ஆணைப்படி, எல்லைக்கு அப்பால் நாடுகடத்தப்பட்டவர்களின் குடியுரிமையும் சொத்து முழுவதும் அரசால் பறிக்கப்பட்டன. வெளியேற்ற வரிச் சட்டம் மேற்கு ஜெர்மனியில் 1953-இல்தான் முறைப்படி நீக்கப்பட்டது.